ஊசிக்கு முன்னால் சொன்ன சாட்சி

அரூர் சபையில் பலருக்கு இந்தச் சாட்சியின் முதல் பாதி தெரியும். அது தவறு. சொன்னவன் நான்தான்.

போன ஆடியில் என் கல்லீரலில் புற்றுக்கட்டி என்று ஸ்கேன் சொன்னது. நான் குடித்ததே இல்லை. அதைச் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். நம்பியவர்கள் இரண்டே பேர், என் மனைவி எஸ்தரும் சேலத்து டாக்டரும். பழைய மஞ்சள்காமாலைக் கிருமி செய்த வேலை, அறுத்தெடுக்க முடியாத இடம் என்றார் டாக்டர்.

நான் புளி மண்டிக்காரன். வாசிப்பது என் பழைய வியாதி. கல்லீரலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். அதற்குள்ளேயே குடியிருக்கும் காவல் செல்கள் உண்டாம். குடலிலிருந்து ரத்தத்தோடு வரும் கிருமியை விழுங்குவது அவற்றின் தொழில்; புற்றுச் செல்லையும் விழுங்கும். ஆனால் கட்டி வளர்ந்துவிட்டால் அவற்றையே வசப்படுத்தி, எதிர்க்கவிடாமல் செய்துவிடுமாம். வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்தே மூட்டையைத் தூக்கியவர்களை மண்டியில் பார்த்திருக்கிறேன். அதனால் சுலபமாகப் புரிந்தது. புரிந்ததும் நிம்மதி போயிற்று.

அடங்கிக் கிடக்கும் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்ப மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி, சேலத்தில். இடைப்பட்ட நாளெல்லாம் விலாவைத் தொட்டுப் பார்ப்பேன். மண்டியில் உட்காரமாட்டேன். ஜெபத்துக்கு முழங்கால் போட்டால் ஒரு நிமிடம்; எழுந்து செருப்பைத் தேடுவேன்.

நான்காவது ஊசிக்கு முந்தின ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்றேன். கிடைக்கும் முன்பே கிடைத்ததாக விசுவாசத்தில் அறிக்கையிடுவது நம் சபை வழக்கம். கட்டி கரைந்துபோனது என்றேன். கைதட்டினார்கள். உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் உறைத்தது. செவ்வாய்க்கிழமை சேலம் பஸ்ஸில் என்னை யாராவது பார்த்தால்? ஆண்டவரின் பெயர் கெடும் என்று சொல்லிக்கொண்டேன். பயந்தது என் பெயருக்கு.

செவ்வாய் காலை நான் கிளம்பவில்லை. எஸ்தர் டிபன் டப்பாவைக் கட்டி வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"சாட்சி சொன்னது உங்க வாயிங்க. ஊசி கல்லீரலுக்குத்தானுங்க."

வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். கடைசியில் வெட்கத்தை விட்டு ஜெபித்தேன்: ஆண்டவரே, நான் போகவேண்டுமானால் நீரே கூப்பிடும்.

கூப்பிட்டார். போனில், பெண் குரலில். ஆஸ்பத்திரி நர்ஸ்.

"என்னங்கய்யா, இன்னிக்கு வரலைங்களா?"

"கர்த்தர் சுகமாக்கிட்டாரும்மா."

காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"சந்தோசங்கய்யா. அதை டாக்டருகிட்டயும் வந்து காட்டிருங்க. மூணு மணிவரைக்கும் பெட்டு வெச்சிருக்கேன்."

திரும்பிப் பார்த்தால் எஸ்தர் செருப்பு மாட்டியிருந்தாள்.

அன்றைய ஊசியும் அதற்கடுத்த ஊசியும் போட்டபின் எடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. கரையவில்லை, சுருங்கியிருந்தது. காவல் விழித்துக்கொண்டது என்றார் டாக்டர். தாயின் கருவிலேயே எனக்குள் அந்தக் காவலை வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். நான் கேட்பதற்கு ஐம்பது வருடம் முன்பே வைத்துவிட்டார். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து அழுதேன். எஸ்தர் கவனிக்காததுபோல் இருந்தாள்.

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து பழைய சாட்சியைத் திரும்பப் பெற்றேன். கைதட்டல் குறைவுதான். ஆராதனை முடிந்ததும் பின்வரிசைச் சகோதரி ஒருவர் என்னிடம் வந்தார். அவரும் என்னைப் போலச் சாட்சி சொல்லிவிட்டு சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவராம். மெதுவாகச் சொன்னார்:

"நாளையிலிருந்து போட்டுக்கறேங்கண்ணா."

அடுத்த ஸ்கேன் வரும் மாதம். விலாவை இன்னும் தொட்டுப் பார்க்கிறேன். ஆனால் முழங்காலில் இப்போது ஐந்து நிமிடம் தாக்குப்பிடிக்கிறேன்; என் கணக்கில் அதுவும் அற்புதம்தான். என்னைப்போல் தவிக்கிறவர்களே, அவரிடம் கேளுங்கள். கூப்பிடுவார். போனை எடுத்துவிடுங்கள்.