தணிகாசலத்தின் இடுப்புக் கயிறு

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு சொடுக்கு, பிறகு, “ம்... வா.” தணிகாசலத்துக்கு எந்தக் காரியமும் இப்படித்தான் தொடங்கும். கிணற்றில் வாளியை விடும்போதும் சொடுக்குவார். கவரைப்பேட்டை ஸ்டேஷனில் ரயில் கிளம்பத் தாமதமானால் ஜன்னலோரம் உட்கார்ந்து ரயிலையும் சொடுக்குவார். முப்பது வருஷமாக ஏருக்கும் வண்டிக்கும் காளை பழக்கிய நாக்கு. மனிதர்களோடு பேசுவதற்கென்று தனியாக இன்னொரு நாக்கா வாங்கி வர முடியும்?

எழுபத்து மூன்றாம் வருஷம் புரட்டாசி முழுக்க அந்தச் சொடுக்கு அவர் வீட்டுக் களத்திலேயே கேட்டது. சவுக்குக் கழிகள் இரண்டை இடுப்புயரத்தில் நீளவாட்டில் கட்டி, நடுவில் ஓர் ஆள் நடக்க இடம் விட்டிருந்தார். தொடையிலிருந்து பாதம்வரை இரண்டு கால்களிலும் இரும்புப் பட்டையும் தோல்வாரும் மாட்டிக்கொண்டு, கைக்கொரு கழியாகப் பிடித்தபடி நடுவில் நிற்பாள் அவர் மனைவி பூவம்மாள்.

“த்சொ... த்சொ... ம், வா, வா.”

“யோவ், நான் இன்னா உன் மயிலக் காளையா? வாயத் தொறந்து பேசுயா.”

“பேசிகினுதானே கீறேன் மே.”

“நீ பேசுறதுக்கு வாலு இருந்தா ஆட்டியிருப்பேன்.”

வேலிக்கு அந்தப் பக்கம் போகிற கலியன் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா போகமாட்டான். “இன்னாண்ணே, அண்ணிக்கு இன்னிக்கு ஏரா, வண்டியா?” என்பான். பதில் அண்ணியிடமிருந்து வரும்: “மொதல்ல உன் நாக்குக்கு மூக்கணாங்கயிறு குத்தச் சொல்றேன், கிட்ட வா.” கலியன் கிட்ட வரமாட்டான். அதற்கு வேறு காரணம் இருந்தது.

தணிகாசலம் காளை பழக்கும் விதத்தைச் சொன்னால்தான் அது விளங்கும். கன்றுகளை அவர் ஆரணியாற்று மணலில்தான் இறக்குவார். மணலில் கால் புதையும். திமிறுகிற கன்றால் ஓட முடியாது, விழுந்தாலும் முட்டி பேராது. பழகிய கிழமாட்டோடு நுகத்தில் பூட்டி நடத்துவார். பிறகு கட்டை இழுக்க விடுவார். பிறகு வெறும் வண்டி, அப்புறம் பார வண்டி. கடைசி நாளன்று பிடிகயிற்றைக் கீழே போட்டுவிட்டு முன்னால் நடப்பார். திரும்பியே பார்க்கமாட்டார். ஒரு சொடுக்குச் சொடுக்கிவிட்டுக் கரையைப் பார்த்து நடப்பார். கரை ஏறும்வரை பின்னால் குளம்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தால் தீர்ந்தது. அந்தப் பிடிகயிற்றை அவிழ்த்துத் தம் இடுப்பில் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வார். ‘மாடு தயார்’ என்று வாயால் சொல்லும் வழக்கம் அவரிடம் கிடையாது. தணிகாசலத்தின் இடுப்பில் கயிற்றைப் பார்த்தால் மாட்டுக்காரன் ஓட்டிக்கொண்டு போகலாம். பெரியபாளையம்வரைக்கும் அந்த முடிச்சுக்கு மரியாதை இருந்தது.

எழுபத்திரண்டாம் வருஷம் சித்திரையில் கலியன் ஒரு செவலைக் கன்றைக் கொண்டுவந்து விட்டான். நல்ல ஜாதி, கொஞ்சம் மிரட்சி. வண்டி அவசரம் என்று நாளுக்கு இரண்டு தரம் வந்து நின்றான். இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று தணிகாசலத்தின் மனசு சொல்லிற்று. ஆனால் கலியனின் முகத்துக்காகக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டார். அதற்கு மூன்றாம் நாள் கலியன் எளாவூருக்கு வைக்கோல் ஏற்றிப் போனான். எளாவூரில் தங்கை வீடு இருந்ததால் பூவம்மாளும் பாரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கல்கத்தா ரோட்டில் பின்னால் வந்த லாரி ஒன்று ஹாரன் அடித்தது. ஆற்று மணலில் கொக்குச் சத்தத்தைத் தவிர வேறு கேட்டறியாத கன்று அது. வண்டியோடு பள்ளத்தில் பாய்ந்தது. வைக்கோல் ஒரு பக்கம் சரிந்தது. பூவம்மாள் மறுபக்கம், மதகுக் கல்லின்மேல் முதுகு அடிபட விழுந்தாள்.

மதராஸ் ஆஸ்பத்திரியில் நாலு மாதம். முதுகெலும்பு முறிந்து நரம்பு நசுங்கிவிட்டது என்றார்கள். இடுப்புக்குக் கீழே எறும்பு கடித்தாலும் தெரியாது. மூன்றாம் மாதம் தொடையில் ஒரு துடிப்பு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதெல்லாம்.

அந்த நாளிலிருந்து தணிகாசலம் எந்தக் கயிற்றையும் இடுப்பில் சுற்றவில்லை. மாடு பழகி முடிந்தால் கயிற்றை உரியவன் கையிலேயே கொடுத்து, “நீயே பாத்துக்கோ நைனா” என்று சொல்லிவிடுவார்.

படுக்கையில் கிடந்தவளை அவர் பார்த்துக்கொண்ட விதமும் தொழில்முறைதான். மாட்டுக் கழுத்தில் நுகம் உரசிப் புண் ஆகுமுன் தோல் லேசாகச் சூடேறும். விரலை வைத்தால் தெரியும். வெறும் கண்ணுக்கு அது தெரிய இரண்டு நாள் ஆகும். அந்த விரலால் மனைவியின் முதுகையும் குதிகாலையும் காலை மாலை தடவிப் பார்ப்பார். எங்கே சூடு தெரிகிறதோ அந்தப் பக்கம் மறுநாள் முழுக்கப் படுக்க விடமாட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைப்பார். மலஜலம் எடுப்பதை மூன்றாம் மனுஷிக்கு விட்டதில்லை. “ஆம்பளைக்கு இதெல்லாம் இன்னா தலையெழுத்து” என்று பார்க்க வந்த ஒருத்தி இழுத்தபோது, “மாட்டுக்குச் செய்யலியா? இது பேசுது வேற” என்றார். பேசுகிறவள் படுத்தபடியே செம்பை எடுத்து அவர்மேல் எறிந்தாள். ஆறு மாதம் கழித்து முதுகைப் பார்த்த டாக்டர், ஒரு புண்கூட இல்லையே என்று பக்கத்தில் நின்ற மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி சொல்லித் தருகிறவர் ஞானம்மா. குள்ளமான உருவம், கணீரென்ற குரல். காலில் மாட்டும் அந்த இரும்பை அவர்தான் பழகுவதற்கென்று கொடுத்தனுப்பினார். ஒரு நிபந்தனையும் சொன்னார். தை மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வரவேண்டும். யாரும் பிடிக்காமல், கக்கத்துக் கட்டைகளை ஊன்றிப் பத்தடி நடந்து காட்டவேண்டும். காட்டினால் பூவம்மாளின் கால் அளவுக்கே புது இரும்பு செய்வார்கள். காட்ட முடியாவிட்டால் இதைக் கழற்றி, காத்துக்கொண்டிருக்கிற வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியதுதான். அப்புறம் பாய்தான்.

ஐப்பசியில் ஒருமுறை போனார்கள். ஞானம்மா இரும்பின் முட்டிக் கீலை மடக்கிப் பார்த்தார். கறகறவென்றது.

“இன்னாம்மா இது? பீச்சுல நடந்தீங்களா?”

பூவம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “இவரத்தான் கேக்கணும். ஆத்து மணலு நாலு வண்டி அடிச்சிக் கொட்டி வச்சிகீறாரு. கால வச்சா முழங்காலு மட்டும் எறங்குது.”

தணிகாசலம் தலையைச் சொறிந்தார். “வுழுந்தா அடிபடாதுன்னுதான்...”

ஞானம்மா சிரிக்கவில்லை. “அய்யா, கன்னுக்குட்டி ஓடக்கூடாதுன்னு மணல்ல விடுறீங்க. இவங்க ஓடணும்யா” என்றார்.

ரயிலில் திரும்பி வரும்போது தணிகாசலம் ரயிலைக்கூடச் சொடுக்கவில்லை. மறுநாளே மணலை வாரி வெளியில் கொட்டினார். களிமண்ணும் சாணமும் குழைத்துப் போட்டு, நெல் அடிக்கிற களத்தைப்போலத் தட்டித் தட்டி இறுக்கினார். பூவம்மாள் அதில் ஏழு நாளில் ஐந்து தரம் விழுந்தாள். விழுந்து, உருண்டு, கழியைப் பிடித்து எழ அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவர்தான் ஒவ்வொரு தரமும் கண்ணை மூடிக்கொண்டார்.

களம் இறுகியது. கையிலிருந்த கயிறு மட்டும் இளகவில்லை. பழைய புடவைத் துணி சுற்றிய கயிற்றை அவள் இடுப்பில் கட்டி, பின்னால் அதன் நுனியைப் பிடித்தபடி நடப்பார். கார்த்திகையில் கழியை விட்டுவிட்டுக் கக்கத்துக் கட்டைக்கு வந்துவிட்டாள். அப்போதும் கயிறு விறைத்துக்கொண்டுதான் இருந்தது. பாதி பாரம் அவர் கையில் நடந்தது.

“கயித்த வுடுயா.”

“வுட்டுட்டேன் மே.”

“பொய் சொல்லாதே. பதினேழு வருசமா உன் கை இழுப்பு எனக்குத் தெரியாதா? இங்க இழுத்துகினு போறே, அங்க போயி அந்தம்மா முன்னால நான் தொபுக்குன்னு வுழணுமா?”

“ஒரு தபா வுட்டதுக்குத்தான் இப்டி நிக்கிறே.”

வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கே கேட்டது. ஒன்றரை வருஷத்தில் அந்தப் பேச்சை இருவருமே எடுத்ததில்லை. வேலியோரம் புல்கட்டோடு வந்த கலியன் அப்படியே நின்று, வந்த வழியே திரும்பிப் போய்விட்டான். பூவம்மாள் கட்டைகளை ஊன்றி மெல்ல, மிக மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

“அது மாடுயா. அதுக்கு ஆரன் சத்தம் தெரியாது. எனக்குத் தெரியும்” என்றாள். பிறகு, “போயி நாஷ்டா எடுத்துகினு வா, பசிக்குது” என்றாள்.

அவர் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினார். முழுக்க விடவில்லை. தை பிறந்தும் விடவில்லை.

இரண்டாம் செவ்வாய்க்கிழமை விடியலில் கிழமாடுகள் இரண்டையும் பூட்டி, தாமே முன்னால் நடந்து ஸ்டேஷனுக்கு வண்டியை ஓட்டிவந்தார். ரயிலில் அவளை ஏற்ற நாலு பேர் கை கொடுத்தார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைக்கு நிலம் அளக்க வந்து திரும்பும் சிப்பந்தி ஒருவர் எழுந்து இடம் விட்டு, “எங்கம்மா, வைத்தியத்துக்கா?” என்றார். “பரீட்சைக்கு” என்றாள் பூவம்மாள்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஞானம்மா தரையில் சாக்குக்கட்டியால் இரண்டு கோடு போட்டார். இந்தக் கோட்டில் பூவம்மாள். பத்தடி தள்ளி, வராந்தாக் கதவு நிலைப்படி அருகே அந்தக் கோடு.

“கயித்த அவுத்துடுங்கய்யா.”

தணிகாசலத்தின் விரல்கள் அந்த முடிச்சில் நெடுநேரம் வேலை செய்தன. எத்தனையோ திமிறும் காளைகளின் கழுத்தில் ஒரே இழுப்பில் முடிச்சவிழ்த்த விரல்கள்தான்.

“அந்தக் கோட்டுகிட்ட போயி நில்லுங்க.”

போனார். கோட்டின்மேல் நின்று, வராந்தாவைப் பார்த்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“இன்னாய்யா, அந்தப் பக்கம் பாத்துகினு நிக்கிறீங்க? இவங்கள பாருங்க.”

“வுடுங்கம்மா” என்றாள் பூவம்மாள். “கடைசி நாளு அப்டித்தான் நிப்பாரு.”

கூடத்திலிருந்த மற்ற நோயாளிகளும் திரும்பிப் பார்த்தார்கள். தணிகாசலம் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டினார். சொடுக்கவில்லை. பின்னால் கட்டைகள் ஊன்றும் சத்தம் டக் என்று கேட்டது. இரும்பு தரையில் இழுபட்டது. மறுபடி டக். அவர் மனசுக்குள் எண்ணினார். இரண்டு, மூன்று. நாலாவதில் ஒரு தடுமாற்றம், ஞானம்மாவின் செருப்பு ஓரடி ஓடி நின்றது. ஐந்து. ஆறு.

அப்போது வெளியே தெருவில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது.

பின்னால் சத்தம் நின்றுவிட்டது. தணிகாசலத்தின் தோள்கள் காதுவரை ஏறின. கயிற்றைப் பிடித்த கை பின்பக்கம் பாதிவரை போயிற்று. அங்கேயே நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது, தலை திரும்பவில்லை.

டக்.

ஏழு. இரும்பு இழுபட்டது. எட்டு. அவள் மூச்சு இப்போது அவர் முதுகில் பட்டது. ஒன்பது, பத்து. கோடு வந்துவிட்டது. அத்தோடு நிற்பாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

“யோவ்” என்றாள் பூவம்மாள், மூச்சு வாங்க. “நடுவுல நிக்காதே. வழி வுடு.”

தணிகாசலம் ஒதுங்கினார். அவள் நிலைப்படியில் கட்டையை ஊன்றி, ஒரு காலை இழுத்துப் போட்டு, மறு காலை இழுத்துப் போட்டு, வராந்தா வெயிலுக்குள் இறங்கினாள். ஞானம்மா எண்ணிக்கையை மறந்துவிட்டுப் பின்னாலேயே போனார்.

கதவோரம் தனியாக நின்ற தணிகாசலம் மேல்துண்டை எடுத்து முகத்தை ஒருமுறை அழுந்தத் துடைத்தார். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கையிலிருந்த கயிற்றைத் தம் இடுப்பில் ஒரு சுற்று, இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டார்.