சிக்னல் இல்லாத சிம்முக்கு அபராதம்

சித்திரை மாத மத்தியானம். இரண்டாம் ஷெட்டுக்குப் போகும் லைனில் மட்டும் ஃபியூஸ் போனது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஆபீசில் லைட் எரிந்தது, தீவன மில் ஓடிக்கொண்டிருந்தது. தானாக ஓட வேண்டிய ஜெனரேட்டர், பேட்டரி செத்து ஓடவில்லை. சைரன் அடித்திருக்கிறது. மில் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மல்லசமுத்திரம் பக்கத்தில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணைக்கு நான் மேனேஜர். இரண்டாம் ஷெட், ஈ.சி. ஷெட். அதாவது நாலு பக்கமும் மூடிய ஷெட். ஒரு முனையில் உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கத் தண்ணீர் வழியும் அட்டைப் பேடு, மறுமுனையில் ஆளுயர ஃபேன்கள். ஃபேன் நின்றால் உள்ளே காற்று கிடையாது, கோடையில் கோழி கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதற்காகவே ஷெட்டின் கரண்ட் பேனலில் ஒரு சிம் போட்டிருந்தோம். கரண்ட் போனாலோ சூடு ஏறினாலோ அது எங்கள் போனுக்கு அடிக்க வேண்டும்.

அன்றைக்கு அடிக்கவில்லை. முட்டை எடுக்கும் பெண்கள் சாப்பிட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. உள்ளேயிருந்து வந்த அனல் முகத்தில் அறைந்தது. பாதிக்கு மேல் கூண்டுகளில் சத்தமே இல்லை. பண்ணையின் சொந்தக்காரர் சுமதி, என்னைவிட வயதில் சின்னவர், நான் அம்மணி என்றுதான் கூப்பிடுவேன். அவர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்து எங்களோடு சேர்ந்து கோழிகளை அள்ளி வெளியே போட்டார். எல்லாம் முட்டைக்கு வந்து கொஞ்ச நாளே ஆன கோழிகள். வேலை முடிந்ததும் அவர் பம்ப் செட்டில் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்கண்ணா, போன் அடிக்கவே இல்லீங்களா?"

இல்லை என்றேன்.

இனிக்க இனிக்கப் பேசிய பையன்

அந்தப் போன் கம்பெனியின் பெயர் வேண்டாம். எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும் என்பதுதான் என் அபிப்பிராயம்.

முந்தின வருஷம் சேலத்திலிருந்து அரவிந்த் என்று ஒரு சேல்ஸ் பையன் வந்தான். பண்ணையில் இருக்கும் எல்லா நம்பரையும் கார்ப்பரேட் போஸ்ட்பெய்டுக்கு மாற்றினால் ஒரே பில், சூப்பர்வைசர்களுக்குப் புதுப் போன் இலவசம் என்றான். எங்கள் டீயைக் குடித்தான், கோழியைப் பற்றி அக்கறையாக நாலு கேள்வி கேட்டான். சிக்னலுக்குக் கவலையே வேண்டாம், பக்கத்துக் காட்டில் நிற்கும் டவரே எங்கள் கம்பெனியுடையதுதான் என்று கையை நீட்டிக் காட்டினான். அது மட்டும் உண்மை.

இரண்டு வருஷ லாக்-இன், அதற்குள் விலகக் கூடாது என்பதையும் சொன்னான். எப்படிச் சொன்னான் என்றால், "அது சும்மா ஃபார்மாலிட்டி சார்" என்று. என் சர்வீசில் இந்தச் சொல்லை நிறையப் பேர் வாயில் கேட்டிருக்கிறேன். சும்மா ஃபார்மாலிட்டி என்று ஒருவன் சொன்னால் அந்தக் காகிதத்தில் அதுதான் முக்கியம்.

ஆறேழு மாதத்தில், அந்த நிலத்தின் சொந்தக்காரரான காட்டுக்காரருக்கும் கம்பெனிக்கும் வாடகைத் தகராறு வந்து டவரைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து எங்கள் போன்களில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. பேனலை டெஸ்ட் பண்ணினால் ஒரு வாரம் கால் வரும், ஒரு வாரம் வராது. அரவிந்துக்கு அடித்தேன். வேறு ஏரியாவுக்கு மாற்றிவிட்டார்களாம். பிறகு போனை எடுப்பதையும் விட்டுவிட்டான். கஸ்டமர் கேரில் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் குரல். போனை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்லும், சிம்மைத் துடைத்துப் போடச் சொல்லும். டவரையே கழற்றிவிட்டீர்கள் அம்மா என்றால், எங்கள் மேப்பில் உங்கள் இடத்தில் சிக்னல் அருமையாக இருக்கிறது சார், இன்னும் சில நாளில் சரியாகிவிடும் என்று சொல்லும். சரியாகும் என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அந்த மத்தியானம் வந்தது.

செத்தது கோழி, அபராதம் எங்களுக்கு

மறுநாளே கடையில் வேறு கம்பெனி சிம் இரண்டு வாங்கி, ஒன்றைப் பேனலிலும் ஒன்றை என் போனில் இரண்டாவது சிம்மாகவும் போட்டுவிட்டேன். அதன் டவர் மெயின் ரோட்டோரம் இருக்கிறது. டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் போன் அடித்தது.

ஆனால் மற்ற நம்பர்களை அப்படித் தூக்கிப் போட முடியாது. கேரளாவில் முட்டை எடுக்கும் வியாபாரி முதல் மருந்துக்காரர் வரை எல்லோருக்கும் தெரிந்த நம்பர்கள் அவை. நம்பரை வைத்துக்கொண்டு கம்பெனியை மாற்ற வேண்டும், அதாவது போர்ட் பண்ண வேண்டும். கேட்டோம். லாக்-இன் முடியவில்லை, இப்போது விலகினால் ஒவ்வொரு நம்பருக்கும் அபராதம், இலவசம் என்று தந்த போன்களுக்கான தொகை தனி என்று பதில் வந்தது. கோழி செத்ததை எழுதியிருந்தேனே, அதற்கும் ஒரு வரி இருந்தது. தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.

அம்மணி அதை இரண்டு தரம் படித்தார். என் தம்பி வயதுள்ள கணக்குப்பிள்ளை, கட்டிவிட்டுத் தலைமுழுகிவிடலாம் என்றார். அம்மணி தலையாட்டவில்லை. "ஒத்தப் பைசா கட்ட மாட்டேனுங்க. கோழியக் கொன்னுபோட்டு நம்மகிட்டயே தெண்டங் கேக்கறாங்க. அவிய ஆளு யாராச்சும் இங்க வந்து நிக்கட்டும்" என்றார்.

போனில் பேசுவதை அன்றோடு நிறுத்தினேன். கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதினேன். கேட்டது ஒன்றே ஒன்று. உங்கள் ஆள் நேரில் வந்து, பண்ணைக்குள் நின்று, சிக்னல் இருக்கிறது என்று காட்டட்டும். பதில் வராதபோதெல்லாம் அதையே மறுபடி எழுதினேன். கடைசியில் அனுப்பினார்கள்.

ஏரியா மேனேஜர் வந்தார்

பெயர் தினேஷ். சேலத்திலிருந்து ஏ.சி. கார், கழுத்தில் அடையாள அட்டை. கோழி நாற்றத்துக்குக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். உட்கார்ந்ததும் லேப்டாப்பைத் திறந்து மேப்பைக் காட்டினார். எங்கள் பண்ணை இருக்கும் இடம் நல்ல அடர்நீலமாக இருந்தது.

உங்கள் போனைப் பாருங்கள் என்றேன். பார்த்தார். ஒரு கோடுகூட இல்லை. ஹேண்ட்செட் பிராப்ளம் என்றார். ஆஃப் செய்து ஆன் செய்தார், அவர்கள் கஸ்டமர் கேர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததைப் போலவே. எழுந்து ஜன்னலோரம் போனார், வாசலுக்குப் போனார், தீவன மூட்டை மேல் ஏறி நின்றார். டிரைவர் போனையும் வாங்கிப் பார்த்தார். அதுவும் கம்பெனி சிம்தான். வியர்த்து வழிய உள்ளே வந்து, கிளைமேட்டால் சில சமயம் இப்படி ஆகும், பொதுவாகக் கவரேஜ் உண்டு என்றார்.

அம்மணி ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் தள்ளினார்.

"சிக்னல் இருக்குதுன்னு நீங்க சொல்றீங்க. சரிங்க. இப்பவே உங்க சிம்மப் பேனல்ல போடச் சொல்றேன். ஃபேன் நின்னு கோழி செத்தா நான் பொறுப்புன்னு இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

தினேஷ் சிரிக்கப் பார்த்தார். அது நின்றுவிட்டது. அப்படியெல்லாம் கம்பெனி சார்பில் எழுதித் தர முடியாது மேடம் என்றார்.

"அப்ப சிக்னல் இல்லைன்னு எழுதுங்க."

அதற்கும் தனக்கு அதிகாரம் இல்லை என்றார்.

"இருக்குதுன்னும் எழுத மாட்டீங்க, இல்லைன்னும் எழுத மாட்டீங்க. அபராதம் கேட்டு மட்டும் எழுதுவீங்களாக்கும்?"

அம்மணி குரலை உயர்த்தவில்லை. பேசிவிட்டு எழுந்துபோய் ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். செத்த கோழிகளைப் புதைத்த இடம் அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே. மண் நிறம் இன்னும் மாறியிருக்கவில்லை. அது என்ன என்று தினேஷ் கேட்டார். நான் சொன்னேன். அதற்கப்புறம் அவர் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோகவில்லை.

மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்கச் சிக்னல் வேண்டுமே. என் போனை வாங்கிக்கொண்டார். போட்டிக் கம்பெனி சிம்மில், எங்கள் மேஜைக்கு எதிரிலேயே உட்கார்ந்து, "சார், நானே செக் பண்ணிட்டேன் சார், இங்க சுத்தமா கவரேஜ் இல்ல" என்றார். அந்த ஒரு வரியை அந்தக் கம்பெனி வாயிலிருந்து வாங்க எங்களுக்கு ஒரு கோடைகாலம் முழுசும் ஆகியிருந்தது. போனில் சொன்னதை மெயிலிலும் போட்டுவிட்டுப் போங்கள் என்றேன். என் போனிலிருந்தே இன்டர்நெட் எடுத்து லேப்டாப்பில் அடித்து அனுப்பினார். கிளம்பும்போது, டவர் போன விஷயம் தனக்கு முன்னமே தெரியும், மேப்பை மாற்றுவது தன் டிபார்ட்மென்ட் இல்லை என்று முணுமுணுத்தார். அந்த மனிதர் மேல் எனக்கிருந்த கொஞ்ச இரக்கமும் அப்போது போயிற்று.

விடுதலை

கொஞ்ச நாளில் கடிதம் வந்தது. தவறு நடந்தது என்று ஒரு சொல் இல்லை. நீண்ட கால மதிப்புமிக்க வாடிக்கையாளர் என்பதால் நல்லெண்ண அடிப்படையில், சிறப்புச் சலுகையாக அபராதம் தள்ளுபடி. திருடியதைத் திருப்பித் தந்துவிட்டு அன்பளிப்பு என்று எழுதுகிற ஆட்கள். அம்மணி அதைப் படித்துவிட்டு, ஃபைலில் போடுங்கண்ணா என்றார். அவ்வளவுதான்.

போர்ட் பண்ண, பழைய சிம்மிலிருந்து ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும். அதற்கும் அவர்கள் சிக்னல்தான் வேண்டும். எல்லா சிம்மையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு மல்லசமுத்திரம் போனேன். ஒரு பேக்கரி வாசலில் நின்று, ஒவ்வொன்றாக மாட்டி, அனுப்பி, கழற்றினேன். பேக்கரிக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சிம் திருடன் என்று நினைத்திருக்கலாம்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, இதில் நான் கற்றது இதுதான். கம்பெனிக்காரனிடம் போனில் நியாயம் பேசாதீர்கள். போனில் பேசுகிற ஆளுக்கு எதுவும் தெரியாது, தெரிந்தவன் போனுக்கு வரமாட்டான். எழுத்தில் கேளுங்கள், நேரில் வரவழையுங்கள். அவன் சொல்கிற பொய்க்கு அவனையே பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பேனா கைக்கு வந்ததும் பேச்சு மாறும்.

நம்பர்கள் மாறுவதற்கு முதல்நாள், நான் வீட்டுக்குப் போகும் வழியில் பழைய கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். எங்களை விட்டுப் போவதற்கு என்ன காரணம் சார், பில் தொகையா, பிளானா என்று கேட்டாள். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று பொறுமையாகவே பதில் சொன்னேன்.

"கோழி செத்துப்போச்சு சாமி."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"ஓகே சார். 'இதர காரணங்கள்'னு போட்டுக்கறேன்."