மேலூருக்கும் கீழூருக்கும் நடுவே கராமா

போன மாதம் ஒரு போர் மறுபடி மூளப் பார்த்தது. காரணம் நான். ஆயுதம் — ஒரு பெரிய தட்டு மட்டன் மந்தி.

சிரிக்காதீர்கள். மூன்று நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

துபாயில் ஒரு ஈவென்ட் கம்பெனியில் எனக்கு வேலை என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிப்பவர்களுக்குத் தெரியும். கல்யாணம், கார் அறிமுகம், பல் டாக்டர்கள் மாநாடு... யார் கூப்பிட்டாலும் நாற்காலி போட்டு, மைக் வைத்து, சாப்பாடு போடுவோம். இந்த முறை கூப்பிட்டது ஒரு சர்வதேச உதவி நிறுவனம். நிகழ்ச்சியின் பெயர் அமைதி உரையாடல்.

உள்நாட்டுச் சண்டையில் நொறுங்கிப்போன ஒரு நாடு. பெயரைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். செங்கடலுக்கு அந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அங்கே அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். மேடான இடத்தில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. இரண்டுக்கும் ஒரே வாய்க்கால். சண்டைக் காலத்தில் மேலூர்க்காரர்கள் மதகை அடைத்தார்கள், கீழூர் காய்ந்துபோனது. அதற்கப்புறம் நடந்ததில் இரண்டு ஊரிலும் பிள்ளைகளைப் புதைத்திருக்கிறார்கள்.

ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு நடந்தே போய்விடலாமாம். ஆனால் உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் விமானம் ஏறி துபாய்க்கு வர வேண்டும்! இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத இடமாக இருக்கணும், இரண்டு பேருக்கும் விசா கிடைக்கணும். வேறெங்கே போவார்கள்?

வாய்க்காலைத் தூர்வாரி, பம்ப் வைத்துக் கொடுக்க அந்த நிறுவனம் தயார். ஒரே ஒரு நிபந்தனை. மூன்றாம் நாள் மாலைக்குள் மதகைத் திறப்பது பற்றி இரு ஊரும் ஒரு முடிவுக்கு வர வேண்டும். வராவிட்டால் திட்டம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

கீழூர்க் குழுவில் மரியம் என்று ஒரு பெண் வந்திருந்தாள். கிட்டத்தட்ட என் வயது. முதல் நாள் டீ இடைவேளையில் அவளிடம் பேச்சுக் கொடுத்தேன். நடுவே யூசுப் மொழிபெயர்த்தார். யூசுப் அந்த நாட்டுக்காரர், புனேயில் டிகிரி முடித்தவர், என்னைவிட நன்றாக ஹிந்தி பேசுகிறார். மரியமின் மகள் விடியும் முன் குடத்தோடு கிளம்பினால் வெயில் ஏறித்தான் வீடு திரும்புவாளாம். பள்ளிக்கூடத்தை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. இதைச் சொல்லும்போது மரியம் அழவில்லை. நான்தான் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

உரையாடலை நடத்த ஹென்றிக் என்று ஒரு நிபுணர் வந்திருந்தார். நல்ல மனிதர். கை நிறைய கலர் கலர் ஒட்டுச்சீட்டுகள். எடுத்த எடுப்பில் இறுக்கம் தளர்வதற்கு ஒரு விளையாட்டு என்றார். "நீங்கள் ஒரு விலங்காகப் பிறந்திருந்தால் என்ன விலங்கு?"

யூசுப் வாயைத் திறக்கவே இல்லை. ஹென்றிக் சைகை காட்டினார். யூசுப் மெல்ல என் பக்கம் குனிந்து ஹிந்தியில் சொன்னார்: "மேடம், இதை நான் மொழிபெயர்த்தா அடுத்த சண்டை இந்த ஹால்லயே நடக்கும்."

அடுத்து, உங்கள் கனவை இந்தச் சீட்டில் எழுதுங்கள் என்றார் ஹென்றிக். எழுதினார்கள். எல்லாச் சீட்டிலும் ஒரே வார்த்தை — தண்ணீர். ஹென்றிக்கின் கண் கலங்கிவிட்டது. பொது இலக்கு, பொது இலக்கு என்று அத்தனையையும் போர்டில் ஒட்டினார். ஒட்டி முடித்துத் திரும்பினால், மேலூர்ப் பெரியவர் இத்ரீஸ் ஜன்னலைப் பார்க்கிறார், கீழூர்ப் பெரியவர் உமர் கதவைப் பார்க்கிறார். மதியம் பஃபேயில் ஆளுக்கொரு மூலை.

எனக்குப் பொறுக்குமா? இரண்டாம் நாள் நான் களத்தில் இறங்கினேன். பஃபேவைத் தூக்கிவிட்டு, கம்பளம் விரித்து, நடுவே ஒரு பெரிய தட்டில் மந்தி என்கிற அரபுச் சோறு, மேலே முழுசு முழுசாக ஆட்டுக்கறி. இந்த ஊரில் நாலு பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒன்றாகச் சாப்பிட்டால் ஒட்டாமலா போய்விடும்? வயிறு நிறைந்தால் மனசு இளகாதா? வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சோற்றைப் போட்டே எதையும் தீர்க்கிற வம்சம் இல்லையா நாம்!

வந்தார்கள். தட்டைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த ஹாலில் அவர்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அப்போதுதான். நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன். அடுத்த நிமிஷம் இரண்டு குழுவும் எழுந்து, இரண்டு கதவு வழியாக வெளியே போய்விட்டது.

யூசுப் தலையில் கை வைத்துக்கொண்டு விளக்கினார். அவர்கள் பக்கம் ஒரே தட்டில் இரண்டு பேர் கை வைத்தால், பகை தீர்ந்தது, இனி கேள்வி கேட்க மாட்டோம் என்று அர்த்தமாம். அதாவது மதகைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே சமாதானம். செத்த பிள்ளைகளுக்கும் கணக்கு முடிந்தது. தங்களை ஏமாற்றிக் கைநனைக்க வைக்கப் பார்த்ததாக இரு தரப்பும் நினைத்துவிட்டது. நாளைக்கு ஹாலுக்கே வர மாட்டோம், டிக்கெட்டைப் போடு என்கிறார்கள்.

ஹென்றிக் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "உங்கள் நோக்கம் நல்லதுதான்" என்றார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. மரியம் காலி ஹாலில் தனியாக நின்று போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அஜ்மானில் இருக்கும் எங்கள் வீடு வரைக்கும் ட்ராஃபிக்கில் ஊர்ந்துகொண்டே என்னை நானே திட்டிக்கொண்டு போனேன். வீட்டில் என் கணவரிடம் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ சமாதானம் பண்ணி வைக்கப் போறியா? எங்க அக்காகிட்ட நீ கடைசியா எப்ப பேசின?" என்றார்.

நியாயமான கேள்வி. ஆனால் எனக்கு பல்ப் எரிந்தது அதில்தான். போன வருடம் திருச்சியில் ஒரு கல்யாணம். நானும் நாத்தனாரும் ஒரே பந்தி, பக்கத்துப் பக்கத்து இலை. ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பாயசம் வரைக்கும் சாப்பிட்டோம். பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் நம் ஊரில் பந்தி உண்டே! யார் முகத்தையும் யாரும் பார்க்க வேண்டியதில்லை. அவரவர் இலை, அவரவர் சோறு.

மூன்றாம் நாள் காலையில் யூசுப்பைத் தூது விட்டேன். ஹால் வேண்டாம், சீட்டு வேண்டாம், தனித்தனியாகச் சாப்பாடு, சாப்பிட்டுவிட்டு நேரே ஏர்போர்ட். முந்தின நாள் மதியத்திலிருந்து பிஸ்கட்டில் ஓட்டியவர்கள் இறங்கிவந்தார்கள்.

வேனில் ஏற்றிக்கொண்டு துபாயிலேயே கராமா பகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு மெஸ்ஸுக்குப் போனோம். நடத்துகிறவர் சிவகங்கைப் பக்கம். "டூர் குரூப்பாக்கா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். சுவரைப் பார்த்தபடி ஒரு நீள மேஜை, வரிசையாக வாழை இலை. மேலூர்க் குழு முதலில் உள்ளே போய் உட்கார்ந்தது, கடைசியாக இத்ரீஸ். அடுத்து கீழூர்க் குழு, முதலில் உமர். எல்லையில் இரண்டு பெரியவர்களும் தோளோடு தோள் மாட்டிக்கொண்டார்கள். பின்னாலிருந்த சின்ன மேஜையில் நானும் மரியமும் யூசுப்பும். ஹென்றிக் கை கழுவும் இடத்தருகே ஒரு ஸ்டூலில் கவலையோடு உட்கார்ந்திருந்தார்.

மட்டன் குழம்பு வரைக்கும் எல்லாம் நல்லபடியாகப் போனது. அப்புறம்தான் ரசம் வந்தது.

மேஜையின் ஒரு கால் குட்டை என்பது எனக்குத் தெரியாது. சோற்றில் குழி பறித்து ரசம் வாங்கும் வித்தை நமக்குப் பிறவியிலேயே வந்தது. பாவம், இத்ரீஸுக்கு? ஊற்றியவர் தாராளமாக ஊற்றிவிட்டார். ரசம் இலையைத் தாண்டியது, மேஜையின் சரிவைப் பிடித்தது, உமரின் இலைக்குள் புகுந்து அப்பளத்தை நனைத்து, அவருடைய வெள்ளை அங்கியில் போய் இறங்கியது.

மந்தி போதாதென்று இதுவேறா?

உமர் தன் மடியைப் பார்த்தார். நிமிர்ந்து இத்ரீஸைப் பார்த்தார். ஏதோ சொன்னார். யூசுப் வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டு எனக்குச் சொன்னார்: "மேல இருந்து எங்க பக்கம் இறங்கி வந்தது, இத்தனை நாள்ல இது ஒண்ணுதான்கிறார்."

இத்ரீஸின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அது குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிக்கிறார்! உமரும் சிரித்தார். வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. அப்புறம் பேச்சு ஆரம்பித்தது. என்ன பேசுகிறார்கள் என்று யூசுப்பைப் பிடுங்கினேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் நான் என்ன செய்வது என்று கையை விரித்தார்.

அப்போது மரியம் எழுந்தாள். இத்ரீஸுக்குப் பின்னால் போய் நின்றாள். பெரியப்பா என்றுதான் கூப்பிட்டாளாம். சத்தமே போடவில்லை.

"உங்க பேத்தியும் என் மகளும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவங்க. உங்க பேத்தி இன்னிக்கும் ஸ்கூலுக்குப் போறா. என் மக குடத்தோட உங்க வீட்டைத் தாண்டித்தான் நடக்கிறா. நீங்க பாத்திருப்பீங்க."

இத்ரீஸ் கையிலிருந்த சோற்றை இலையில் வைத்தார். பார்த்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். பிறகு உமர் பக்கம் திரும்பி, வாரத்தில் மூன்று நாள் திறக்கிறோம் என்றார். உமர் நாலு என்றார். காய்கறிக் கடை மாதிரி இழுபறி. கடைசியில் மூன்று பகலும் ஒரு ராத்திரியும் என்று படிந்தது. ஹென்றிக் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து எல்லோர் கையையும் குலுக்கினார். எல்லா எச்சில் கையையும்.

நான் எழுதுகிற விதத்தைப் பார்த்து ஹென்றிக்கைக் கேலியாக நினைத்துவிடாதீர்கள். டிக்கெட் போட்டு, விசா வாங்கி, இந்த மனிதர்களை ஒரே கூரையின் கீழ் அவர் கொண்டுவந்திருக்காவிட்டால் என் வாழை இலை எதற்கு உதவும்? தூர்ந்த வாய்க்காலை ரசம் ஊற்றியா சரிசெய்ய முடியும்? மண்வெட்டி வேண்டும், சிமென்ட் வேண்டும், தொலைதூரத்தில் இருந்துகொண்டு அதற்குச் செலவழிக்கச் சம்மதிக்கிற யாரோ வேண்டும். ஆனால் அவருடைய அறிக்கையைப் படித்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. "நேருக்கு நேர் அமராத வரிசை உணவு முறை" என்று ஒரு முழு அத்தியாயம்! வேறொரு நாட்டில் அடுத்த மாதம் தேவைப்படுமாம். இலை எந்த சைஸ் என்று கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறார்.

இந்தச் செவ்வாய்க்கிழமை யூசுப் ஒரு வீடியோ அனுப்பினார். இரண்டு ஊர் இளைஞர்களும் சேர்ந்து மதகுப் பலகையைத் தூக்குகிறார்கள். பம்ப் வருவதற்கு இன்னும் நாளாகும். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. கலங்கலாக, குப்பையும் நுரையுமாக. அதில் ஒரு சிறுமி இடுப்பளவு நின்று இரண்டு கையாலும் தண்ணீரை அடித்துக்கொண்டிருக்கிறாள். கரையில் மரியம், கையை ஓங்கிக்கொண்டு கத்துகிறாள்.

ஏன் இவ்வளவு கோபம் என்று யூசுப்பைக் கேட்டேன். பதில் வந்தது.

"தண்ணியை விட்டு வெளிய வாடி, ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு திட்டுறாங்க மேடம்."