படத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி

என் தங்கைக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கணவருக்குச் சர்க்கரை வியாதி, அதனால் அவர் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா அம்மா இல்லை. மிச்சம் நான் ஒருவன்தான். ரத்தமும் பொருந்தியது.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆஸ்பத்திரியில் உட்காரச் சொன்னாலும் நின்றுகொண்டேதான் கேட்பேன். "உங்கள்ல யார் கிட்னி குடுக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டபோது கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படிக் கை தூக்கியதில்லை. என் மனைவி பக்கத்தில் இருந்தாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சமையலறையை விட்டு வெளியே வராமல் இருந்தாள், பிறகு வந்து சம்மதம் என்று கைநாட்டு வைத்தாள்.

என் கிட்னி எப்படி இருக்கிறது, அதற்குப் போகும் ரத்தக்குழாய் எத்தனை என்று பார்க்க ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பில் ஒரு மருந்து ஏற்றினார்கள். உடம்பெல்லாம் வெந்நீர் ஓடுவதுபோல் இருந்தது. மூச்சை இழுத்துப் பிடி, விடு என்று எந்திரமே சொன்னது. அதுவும் முடிந்தது, இனி ஆபரேஷன் தேதிதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் கிட்னி டாக்டரம்மா கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார்.

"ரெண்டு கிட்னியும் நல்லா இருக்கு," என்றார். பிறகு படத்தை மேலே நகர்த்தினார். "வயித்தை ஸ்கேன் எடுக்கும்போது நுரையீரலோட அடிப்பக்கமும் கொஞ்சம் படத்துல வந்துரும். அங்க பாருங்க."

ஒரே கறுப்பு. கறுப்புக்கு நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. பச்சைப்பயறு அளவு இருக்கும்.

அந்த மாதிரிப் புள்ளி எனக்குப் பழக்கம்தான். மணலியில் காலி கன்டெய்னர் நிறுத்தும் யார்டில் நான் வெல்டர். கப்பலில் போய்வந்த பெட்டியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, உள்ளே போய் நிற்பேன். வெளியிலிருந்து இரண்டு கதவையும் சாத்துவார்கள். உள்ளே கும்மிருட்டு. ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அங்கே வெளிச்சம் நட்சத்திரம்போல் தெரியும். சாக்பீஸால் அதைச் சுற்றி வட்டம் போடுவேன். கதவைத் திறந்ததும் அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு வேறு தகடு வைத்துப் பற்றவைப்பேன். புள்ளி தெரிந்தால் அன்றைக்கே வேலை முடியும்.

"அப்ப அத்த எடுத்துடுங்க மேடம்," என்றேன்.

"எடுக்கிற அளவுக்குப் பெரிசா இல்லை. ஊசி போட்டு எடுக்கலாம்னா, குறி தப்பிடும். நுரையீரல்ல காத்து கசிஞ்சுடுச்சுன்னா வேற தொந்தரவு."

"அது இன்னா மேடம்?"

"பழைய டிபி தழும்பா இருக்கலாம். வெல்டிங் புகையால வந்ததா இருக்கலாம். ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம்." கொஞ்சம் நிறுத்தினார். "கேன்சரோட ஆரம்பமாவும் இருக்கலாம். அதுக்கு வாய்ப்பு கம்மி. ஆனா இப்ப சொல்ல முடியாது. நாங்க தேடினது வேற, இது தானா கண்ணுல பட்டுது. பட்டதுக்கப்புறம் விட முடியாது. மூணு மாசம் கழிச்சு நெஞ்சுக்கு மட்டும் ஒரு ஸ்கேன் எடுத்து, வளர்ந்திருக்கான்னு பார்ப்போம்."

"அதுவரைக்கும் கிட்னி?"

"எடுக்க மாட்டோம். கிட்னி வெச்ச பிறகு, உங்க தங்கச்சியோட எதிர்ப்பு சக்தியைக் குறைக்க மருந்து குடுப்போம். உங்ககிட்ட ஒளிஞ்சிருக்கிறது எதுவா இருந்தாலும், அவங்க உடம்புல போய் ஆட்டம் போடும்."

சரி மேடம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எனக்கே கேன்சராக இருந்தால் என்ன செய்வது என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே பஸ் ஏறிய பிறகுதான் தோன்றியது.

டோல்கேட் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"கிட்னிக்கு ஸ்கேன் எட்தா நெஞ்சுல எப்டி மச்சான் புள்ளி வரும்?"

"படத்துல ஓரமா வந்துச்சாம்."

"ஓரமாவா? கல்யாண போட்டோவுல எவனோ ஒர்த்தன் ஓரமா நிப்பானே, அந்தமாரியா?"

"அப்டித்தான்."

"ஏறி உக்காந்துகினு, வண்டி எடுக்கசொல்ல எறங்கிப் போறவன நான் டெய்லி பாக்கறேன் மச்சான். எல்லாரும் ஒரு காரணம் வெச்சிகினு தான் கீறாங்க. இது வூட்ல கண்டுபுடிச்ச புள்ளியா, ஆஸ்பத்திரில கண்டுபுடிச்ச புள்ளியா?"

வீட்டில் என்றால் என் மனைவி சொல்லிக்கொடுத்தது என்று அர்த்தம். படத்தை என் கண்ணால் பார்த்தேன் என்றாவது சொல்லியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கட்டிலில் படுத்திருந்த தங்கைதான் பேசினாள். "யோவ், துன்னுட்டு எய்ந்து போ. எங்கண்ணன் இன்னா, வோணும்னா வெச்சிகினு வந்துச்சு?" என்னைப் பார்த்துச் சிரித்தாள். "புள்ளி வெச்சாச்சு. கோலம் எப்ப போடுவாங்களாம்ணா?"

"மூணு மாசம்."

"போட்டும். நான் எங்க போவப்போறேன்."

வீட்டில் என் மனைவியிடம் சொன்னபோது அவள் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அடுத்து பயம் வந்தது. இரண்டையும் நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்கும் தெரியும். அதன் பிறகு நான் இருமினால் போதும், எந்த வேலையில் இருந்தாலும் நிமிர்ந்து பார்ப்பாள். யார்டில் கதவைச் சாத்திவிட்டு உள்ளே நிற்கும்போது, ஓட்டையைத் தேடாமல் சும்மா நின்றிருக்கிறேன். வெளியில் இருப்பவர் தட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது.

கிட்னி கொடுக்கப்போகிறவன் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். பையில் எப்போதும் பெரிய பாட்டில் இருக்கும். தங்கைக்கோ நாள் முழுக்க இரண்டு மூன்று டம்ளர்தான். அதற்கு மேல் போனால் கால் வீங்கி மூச்சு வாங்கும். டயாலிசிஸுக்குத் துணையாகப் போகும்போதெல்லாம் நான் வராண்டாவுக்குப் போய், சுவர்ப் பக்கம் திரும்பிக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் புள்ளி அப்படியே இருந்தது. தங்கையின் கணவரும் அன்றைக்கு வண்டியை நிறுத்திவிட்டு வந்திருந்தார். நெஞ்சு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் ஆறு மாதம் போகட்டும் என்றார்.

"வளரலன்னா நல்லதுதான சார்? அப்பால இன்னா?" என்று தங்கையின் கணவர் கேட்டார்.

"மெதுவா வளர்றதும் உண்டுப்பா. இன்னொரு தடவை பார்த்துட்டா தைரியமா எடுத்துரலாம்."

"அவ தாங்கணும் இல்ல சார்?"

டாக்டர் கோபப்படவில்லை. "ரெண்டு பேரையும் பார்க்கணும். நல்லா இருக்கிற ஒருத்தர் மேல கத்தி வைக்கிறோம். அதுக்கு நான் பதில் சொல்லணும்."

திரும்பி வரும்போது அவர் வண்டியில்தான் வந்தேன். டோல்கேட் சிக்னலில் நின்றபோது, முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "உனுக்கு இன்னா ஆவுமோன்னு எனுக்கு பயம் இல்லன்னு நென்ச்சிக்காத மச்சான். அவ கையப் பாத்தியா நீ?"

பார்த்திருந்தேன். டயாலிசிஸ் ஊசி குத்தும் இடமெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. அடுத்த மாதம் அந்தக் கையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. டயாலிசிஸ் செய்யக் கழுத்தில் குழாய் வைத்தார்கள். குழாயில் சீழ் பிடித்துக் குளிர்காய்ச்சல் வந்தது. அதைச் சரிசெய்து அனுப்பிய பிறகு, அவளால் படியேற முடியவில்லை. உட்கார்ந்துகொண்டே தூங்கினாள். அவளுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள், இதயத்துக்கு.

ஆறு மாதம் கழித்து என் படம் வந்தது. டாக்டரம்மா என்னையும் தங்கையையும் ஒன்றாகக் கூப்பிட்டார். அன்று அவர் என்னை உட்காரச் சொன்னபோது உட்கார்ந்தேன்.

"உங்க புள்ளி வளரலை. பழைய தழும்பாத்தான் இருக்கணும். வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கிட்டா போதும். உங்க பக்கம் இனிமே தடை இல்லை," என்றார் என்னிடம். பிறகு அவளிடம் திரும்பினார். "உங்க ஹார்ட்தான் ரொம்ப பலவீனமா இருக்கும்மா. இப்ப மயக்க மருந்து குடுத்தா தாங்காது."

"எப்ப தாங்கும்?" என்று நான் கேட்டேன். அன்று அந்த அறையில் நானாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

"மருந்து குடுத்துப் பார்ப்போம்," என்றார். குனிந்து எழுதத் தொடங்கினார்.

அந்த வருஷம் முடிவதற்குள் தங்கை போய்விட்டாள். டயாலிசிஸ் நாற்காலியிலேயே போனாள். அவள் கணவர் இப்போதும் என்னை ஏற்றிக்கொண்டு போவார். ஸ்கேனுக்கு வருஷம் தவறாமல் அவர்தான் கூப்பிடுகிறார். புள்ளி அங்கேயே இருக்கிறது. எனக்கு அது ஒரு நாள்கூட வலித்ததில்லை.

அவள் இதயம் தாங்காது என்று சொன்ன அன்று, டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து, மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் கணவர் வண்டி எடுத்துவரப் போயிருந்தார். நல்ல வெயில். அவளுக்கு மூச்சு வாங்கியது. நிதானம் வந்ததும் சொன்னாள்:

"அப்ப உன்னுத நீயே வெச்சிக்கோணா. பத்தரமா பாத்துக்க. பாதி என்னுது."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"எங்க போற?"

"சும்மா."

"தண்ணி குடிக்கத்தான? எத்தினி நாளா பாத்துகினு கீறேன், திருடன் மாரி. இங்கியே குடி."

"வேணாம்."

"குடிண்ணா. நான் பாக்கணும்."

உட்கார்ந்து குடித்தேன். பாட்டிலை இறக்க விடவில்லை, குடி குடி என்று கையைக் காட்டினாள். பாதிக்கு மேல் குடித்தேன். அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜில்லுனு கீதா?"

பாட்டில் பையிலேயே கிடந்து சூடாகியிருந்தது.

"இல்ல," என்றேன்.

"அப்ப பரவால்ல," என்றாள்.