இடது கன்னத்துப் பொது அறிவு

ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். இதைத் தெரிந்துகொள்ள நான் கன்னத்தில் இரண்டு அறை வாங்க வேண்டியிருந்தது. நெருப்புக்கோழியின் மூளையைவிட அதன் கண் பெரியது என்பதற்கு ஒன்று. ஆஸ்திரேலியாவின் தலைநகர் சிட்னி என்றதற்கு அறை இல்லை. தண்ணீர்ச் சொம்பு பறந்து வந்து புருவத்தைக் கிழித்தது. தழும்பு இருக்கிறது. கான்பெராவை இனி மறக்க மாட்டேன்.

அஸ்தினாபுரத்தில் வாடகை வீடு. என் கணவர் அரசு வேலைக்கான தேர்வுகளை எழுதி எழுதித் தோற்று, கடைசியில் ஒரு மொபைல் கடையில் உட்கார்ந்தவர். படித்ததெல்லாம் செரிக்காமல் கிடந்ததோ என்னவோ, இரவுச் சாப்பாட்டின்போது என்னிடம் கேள்வி கேட்பார். தெரியவில்லை என்றால் அடி. சோறு பிசைந்த அதே வலது கையால் அடிப்பார். என் இடது கன்னத்தில் பருப்பு ஒட்டியிருக்கும். நாளடைவில், பதில் சொல்ல வாயைத் திறக்கும் முன்பே என் உள்ளங்கை போய் அந்தக் கன்னத்தை மூடிக்கொள்ளப் பழகியது.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நான் அம்மியைவிட மோசம். எட்டு வருடம் நகரவில்லை.

ஒருநாள் உலகத்திலேயே பெரிய பாலைவனம் எது என்றார். அண்டார்டிகா என்றேன். எங்கோ படித்திருந்தேன். "பனி கொட்ற எடம் பாலைவனமாடி? சகாரா!" என்று ஓங்கி ஒன்று விட்டார். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் அவருடைய போனில் தேடிப் பார்த்து, "அப்பா, அம்மா சொன்னதுதான் கரெக்ட்டுன்னு போட்டிருக்கு" என்றாள். போன் சுவரில் மோதிச் சிதறியது. அடுத்து என் தலைமுடியைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினார்.

"இன்னாடி, ரெண்டு பேரும் சேந்துகினு எனக்கே பாடம் எடுக்கிறீங்களா?"

சரியான பதிலுக்குத்தான் அடி பலமாக விழும் என்று அன்று தெரிந்தது. ஆனாலும் பிள்ளைமேல் அவர் ஒருநாளும் கை வைத்ததில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அங்கே கிடந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நம்பினேன்.

போன குடியரசு தினத்தன்று எங்கள் நகர் குடியிருப்போர் சங்கத்தில் குழந்தைகளுக்கு வினாடி வினா வைத்தார்கள். மகள் மேடையில் நின்றாள். எந்தக் கிரகத்தில் ஒரு நாள் ஒரு வருடத்தைவிட நீளம் என்று கேட்டார்கள். அவள் உள்ளங்கையால் இடது கன்னத்தை இறுக்க மூடிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, "வெள்ளி" என்றாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். "ஸ்டைலப் பாரு என் பொண்ணுக்கு" என்று இவரும் சிரித்தார். நான் நேரே மேடைக்குப் போய் அவள் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வெளியே நடந்தேன்.

"பரிசு வாங்காம எங்கடி போற?" என்று பின்னாலேயே வந்து, அத்தனை பேர் எதிரில் கன்னத்தில் அறைந்தார். என் கையில் மகளுடைய ஸ்டீல் தண்ணீர் பாட்டில், நிறைய தண்ணீரோடு. அதாலேயே அவர் வாயில் ஓங்கி அடித்தேன். உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். இன்னொன்றும் போட்டேன். மைக்கில் யாரோ "அமைதி, அமைதி" என்றார்கள். எட்டு வருடமாக அமைதியாகத்தானே இருந்தேன்! ஆட்டோ பிடித்துப் பொழிச்சலூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டோம்.

அன்று இரவு அண்ணி பரிமாறினாள். விமானம் ஒன்று தலைக்கு மேல் இரைந்துவிட்டுப் போனதும், "அம்மா, தேனீக்கு எத்தன கண்ணு?" என்றாள் மகள்.

என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. "ரெண்டு" என்றேன்.

"தப்பும்மா. அஞ்சு!" என்று சிரித்துவிட்டு, அண்ணியிடம் இன்னொரு அப்பளம் கேட்டாள்.