பிடிமண் சொன்ன சாட்சி

கண்டியில் வழக்காடுகிற ஓர் அப்புக்காத்து ஐயாவிடம் நான் பதினேழு வருஷம் கிளாக்கராக இருந்தேன். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றவன். ஆண்டவன் கொடுத்த நல்ல கையெழுத்துதான் சோறு போட்டது. ஐயா யாழ்ப்பாணத்து வேதக்காரர், லண்டனில் பரிஸ்டராகி வந்தவர். காணி வழக்குகளை எடுத்திருந்தால் வேறு மாதிரி வாழ்ந்திருப்பார். அவருக்கு வாய்த்ததோ அரசாங்கத்தோடு மல்லுக்கு நிற்கிற வழக்குகள். அக்குறணையில் ஒரு கடைக்காரரின் லைசென்சைக் காரணம் சொல்லாமல் நிறுத்தினால் அவர் ஐயாவிடம் வருவார். புசல்லாவைப் பக்கம் சனங்கள் நடக்கிற பாதையை அடைத்தாலும் ஐயாவிடம்தான் வருவார்கள். அதிகாரம் உள்ளவன் காரணம் சொல்லியாக வேண்டும் என்பது அவர் பிடிவாதம். குரலை உயர்த்தவே மாட்டார். சட்டத்தில் ஒரு வரியை வாசித்துவிட்டுப் பேசாமல் நிற்பார். எதிரே இருக்கிறவர் தாமாகவே புத்தகத்தைப் புரட்டத் தொடங்குவார்.

எல்லாருக்கும் வோட்டு என்று வந்த காலம் அது. இந்தியாவிலிருந்து வந்த குடும்பத்துக்காரர்கள் மட்டும், நாங்கள் இந்த நாட்டிலேயே நிலைத்திருக்கிறவர்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. வோட்டர் இடாப்பில் இருக்கும் பெயரை வெட்டச் சொல்லி யாராவது ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால், அரசாங்கக் கச்சேரியில் ஓர் அதிகாரி விசாரிப்பார். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நாற்பது பேர் வரையில் ஐயாவை நம்பி வந்திருந்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலை என்னுடையது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், ஒரு சொல்லும் கூடுதலாக வேண்டாம் என்று அத்தனை பேருக்கும் பாடம் நடத்தினேன்.

பிறகு பார்த்தால் என் பெயருக்கே ஆட்சேபம் வந்திருந்தது.

நான் பிறந்தது இதே கண்டியில், மகியாவையில். என் சம்சாரம் கம்பளையில் பிறந்தவள். அப்படியிருந்தும், நான் வழிப்போக்கன் என்று சர்க்கார் காகிதத்தில் ஏறிவிடுமோ என்கிற நினைப்பே தூங்கவிடவில்லை. அதோடு, ஐயாவின் கிளாக்கரே தள்ளுபடி என்றால், மறுநாள் மடுல்கெல்லக்காரர் ஒவ்வொருவரையும் அதே கேள்வியைக் கேட்டு விழுத்திவிடலாம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சேரிப் படியேறினேன்.

ஆட்சேபக்காரருக்காக வழக்காட வந்த பிறக்கிராசி மரியாதையானவர். மூத்த மகனுக்கு எங்கே மொட்டை போட்டீர்கள் என்று கேட்டார். இந்தியாவில், எங்கள் குலதெய்வக் கோயிலில் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். சாமி பெயர் வந்ததும் எனக்குள் ஏதோ பொங்கிவிட்டது. "சாமி இருக்கிற எடந்தானுங்க மனுசனுக்கு வீடு, மத்ததெல்லாம் சத்திரந்தான்" என்று சொல்லிவிட்டேன். பூசைக்குப் போகிற எங்கள் சனம் எல்லாரும் சொல்கிற பேச்சு அது. மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொன்னதும் அதிகாரியின் பேனா ஓடியது. பிறக்கிராசி வேறு கேள்வியே இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

சாப்பாட்டு நேரத்துக்கு விசாரணையை நிறுத்தினார்கள். விறாந்தையில் ஐயா என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு சனத்துக்கும் என்ன காணும் சொல்லிக் குடுத்தனீர்?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்னுங்க."

"நீர் என்ன செய்தனீர்?"

"பிரசங்கம் பண்ணிட்டேனுங்க ஐயா."

"ஓம். எங்கட பாதிரியாரும் இதைத்தான் சொல்லுறவர். ஆனா அவருக்கு எதிரா ஆட்சேபம் ஒண்டும் இல்லை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்னதை மாற்றிச் சொல்ல மாட்டேன், அது குலதெய்வ காரியம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். மாற்றச் சொல்லவில்லை என்றார். மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் எங்கே மொட்டை போட்டீர் என்று மட்டும் கேட்டார். மகியாவையில், எங்கள் வீட்டுப் பின்பக்கம் என்றேன். ஏன் அங்கே என்றார்.

அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. மூத்தவனுக்கு முடியிறக்கிய பயணத்தில் கோயில் மண்ணை ஒரு பிடி எடுத்து, மஞ்சள் துணியில் கட்டிக் கொண்டுவந்தோம். கப்பலேறுமுன் எங்களை நிறுத்திவைத்த மண்டபம் முகாமில் சாமான்களையெல்லாம் மருந்தடிக்க வாங்கியபோது, என் சம்சாரம் அதை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள். வீட்டுப் பின்பக்கம் மேட்டில் அந்தப் பிடிமண்ணைப் போட்டு, மேலே கல் நட்டு, பூசை செய்தோம். அன்றிலிருந்து சாமி அங்கேதான் இருக்கிறது. இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது ஐயா கையில் இருந்த தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. கோப்பையை வைத்துவிட்டு உள்ளே நடந்தார்.

திரும்ப விசாரணை தொடங்கியதும் அந்தக் கல்லைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியாக ஒரு கேள்வி. விறாந்தையில் அதை என்னிடம் கேட்டிருக்கவில்லை. பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்கக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான்.

"அந்தச் சாமியைத் திருப்பி இந்தியாவுக்குக் கொண்டுபோற யோசனை உமக்கு இருக்கோ?"

"ஐயய்யோ, அப்பிடி எழுப்பிக் கொண்டுபோகக் கூடாதுங்க. ஒருக்கா இருத்தியாச்சுன்னா எங்க பேரப்புள்ளைங்க வரைக்கும் அங்கதான் கும்பிடணும்."

அதிகாரி கண்டிச் சிங்களவர். மொழிபெயர்ப்பாளரை விட்டுவிட்டுச் சிங்களத்தில் நேராகவே என்னிடம் கேட்டார்: நீ வேலைக்கு வந்துவிட்டால் பூசை யார் செய்வது? சம்சாரம் செய்வாள், அவளுக்கு முடியாத நாளில் மூத்தவன் செய்வான் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே காலையில் எழுதியதை மறுபடி வாசித்தார். பிறகு பெயர் இடாப்பில் இருக்கட்டும் என்று இங்கிலீஷில் சொன்னார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கு விளங்கும்.

வெளியே வந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு "முருகா, முருகா" என்று எத்தனை தடவை சொன்னேனோ. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மடுல்கெல்லக்காரர்கள் தங்கள் விசாரணைக்கு முதல்நாளே வந்து மரத்தடியில் இருந்தார்கள். ஒரு பெரியவர் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துச் சம்பலோடு நீட்டினார். அதைப்போல் ருசியாக நான் எதையும் தின்றதில்லை. ஐயா அடுத்த நாளுக்கான காகிதக் கட்டை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

ரொட்டி கொடுத்த பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "கிளாக்கர் ஐயா, நாளைக்கு நாங்க என்னா சொல்றது? நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே சொல்லவா?"

நான் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

"உள்ளதச் சொல்லுங்க. ஆனா என்னைய மாதிரி பாதியில நிறுத்திப்புடாதீங்க."