ஃபுல்லர் எந்த ஆட்கள்? வாண்டில் ஆற்றங்கரையில் ஒரு சனிக்கிழமை

தெற்கு லண்டனில் வாண்டில் ஆற்றங்கரையோரம் நடக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடை நல்ல நடை. எனக்குத் துணையாக வந்த ஆள்தான் சரியில்லை.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அக்காவின் மகள் ஆரணிக்கும், மோர்டனில் பள்ளி ஆசிரியராக இருக்கும் டொம் ஃபுல்லருக்கும் வருகிற ஆவணியில் கல்யாணம். அத்தான் காலமாகிவிட்டதால், பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் அவருடைய தமையன், அதாவது ஆரணியின் பெரியப்பா. கல்யாணம் என்றால் எங்கள் ஆட்கள் முதலில் விசாரிப்பார்கள். யாழ்ப்பாணத்துப் பையன் என்றால் கனடாவுக்கு இரண்டு போன், ஏழு தலைமுறையும் வந்துவிடும். வெள்ளைக்காரப் பையனைப் பற்றி யாரிடம் கேட்பது? பெரியப்பா தன் போனிலேயே பெயரைத் தட்டிப் பார்த்திருக்கிறார். ஃபுல்லர் என்றால் அந்தக் காலத்தில் துணியை மிதித்துச் சுத்தம் செய்தவன் என்று வந்துவிட்டது.

"அப்ப உடுப்பு வெளுக்கிற ஆக்கள். நான் தாரை வார்க்க வரமாட்டன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். இத்தனை வருடம் லண்டனில் இருந்துவிட்டு இந்தப் பேச்சு! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"நீதானே ஊர் சுத்தி எழுதுறனி. அவரைக் கூட்டிக்கொண்டு போய் விளங்கப்படுத்து" என்றாள் அக்கா.

நோர்பரியில் காலை பத்து மணிக்கு 109 பஸ். ஸ்ட்ரெதமில் இறங்கி 118 எடுத்தால் நேரே மோர்டன். ஒரு பவுண் எழுபத்தைந்து பென்ஸ். ஒரு மணி நேரத்துக்குள் ஏறினால் இரண்டாவது பஸ்ஸுக்குக் காசில்லை. பெரியப்பாவுக்கு எல்லாமே இலவச பாஸ். அப்படியிருந்தும் வழி முழுக்க, காரில் வந்திருக்கலாம் என்று முணுமுணுத்தபடியே வந்தார்.

மோர்டன் ஸ்டேஷனிலிருந்து சிறிது தூரத்தில் பெரிய பூங்கா. அதற்குள் வாண்டில் ஓடுகிறது. வாய்க்கால் அளவு ஆறுதான், ஆனால் தண்ணீருக்கு வேகம் உண்டு. ஒருகாலத்தில் இதன் கரை நெடுக ஆலைகள்; துணி மிதிக்கும் ஆலைகளும் இருந்தன. பாலத்தில் நிறுத்தி வைத்து என் பாடத்தைத் தொடங்கினேன்.

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி எண்ணெய்ப் பிசுக்கும் நெகிழ்வுமாக இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, புளித்த மூத்திரம் ஊற்றி, காலால் மிதிப்பார்கள். இழைகள் இறுகித் துணி தடிக்கும். பிற்காலத்தில் மூத்திரத்துக்குப் பதிலாக, எண்ணெயை உறிஞ்சும் ஒருவகைக் களிமண் போட்டு மிதித்தார்கள். அதன் பிறகு காலின் வேலையை, ஆற்றுத் தண்ணீர்ச் சக்கரத்தால் இயங்கிய மரச் சம்மட்டிகள் செய்தன.

"மூத்திரமோ?" என்று மூக்கைப் பொத்தினார். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. என் வாய்தான் எனக்கு எதிரி.

"அண்ணை, ஊரில பத்து ஜோன் இருந்தா வரி எழுதுறவன் என்ன செய்வான்? துணி மிதிக்கிற ஜோன் எண்டு எழுதுவான். அந்தப் பேர் பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிப்போச்சு. பேரன் பேக்கரியில பாண் சுட்டாலும் அவன் ஃபுல்லர்தான்."

"தொடக்கம் தொடக்கம்தானே, தம்பி."

"உங்கட முழங்காலைப் பார்த்த டொக்டர் ஆர்?"

"டொக்டர் வோக்கர். தங்கமான மனுசன்."

"வோக்கர் எண்ட பேரும் அதே வேலையால வந்ததுதான். வடக்கில வோக்கர், மேற்கில டக்கர், இஞ்சால ஃபுல்லர். மூண்டு பேரும் ஒரே தொட்டியில மிதிச்ச ஆக்கள்."

"டொக்டர் வேற" என்றார். இதற்கு மேல் ஒரு மனிதனால் என்ன செய்ய ஏலும்?

பூங்காவின் வடக்கு வாசலால் வெளியேறி, ஆற்றோரமாகவே ஒரு மைலுக்குக் கொஞ்சம் கூட நடந்தால் மெர்ட்டன் அபே மில்ஸ் வரும். மழை பெய்திருந்தால் பாதை சேறு. நல்ல சப்பாத்துப் போடுங்கள். பெரியப்பா கோயிலுக்குப் போகிற சப்பாத்தோடு வந்து, சேற்றுக்கும் என்னைத்தான் ஏசினார். அங்கே பழைய தண்ணீர்ச் சக்கரம் ஒன்று இருக்கிறது. பிற்காலத்தில் துணிக்கு அச்சுப் பதித்த இடம் அது. வார இறுதியில் சின்னச் சந்தையும் கூடும். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது மிடறில் இறங்கி வந்தார்.

"சரி, வாறன். ஆனா கல்யாணக் கார்ட்டில ஃபுல்லர் எண்டு போட வேண்டாம். டொம் எண்டு மட்டும் போடுங்கோ."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இவ்வளவு அலைச்சலுக்கு இதாவது கிடைத்ததே என்று நினைத்தேன். பெரியப்பாவை அவர் வீட்டில் விட்டுவிட்டு, நேரே அக்கா வீட்டுக்குப் போய்ச் செய்தியைச் சொன்னேன்.

ஆரணி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, சீரியஸா? அது டொம்மின்ர அப்பான்ர பேர். அதை மறைச்சு நான் கல்யாணம் கட்டமாட்டன்." பிறகு தாயின் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்க என்னைக் குடுங்கோ."

அத்தான் போனதிலிருந்து அக்கா எந்த நல்ல காரியத்திலும் முன்னுக்கு வந்து நின்றதில்லை. ஆரத்தி எடுக்கும்போது சமையலறைக்குள் போய்விடுவாள். ஐயர் ஒத்துக்கொள்வாரா, சனம் என்ன சொல்லும் என்று நான்தான் இழுத்தேன்.

உங்களுக்கு என் புத்திமதி இதுதான்: வாண்டிலுக்கு ஆற்றைப் பார்க்கப் போங்கள். சக்கரம், சந்தை எல்லாம் சேர்த்து அரை நாள் போதும். யாருடைய மனதையாவது மாற்றலாம் என்று மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மனமும் மாறாது, சப்பாத்தும் பழுதாகும்.

அன்று நான் புறப்பட எழும்பியபோது அக்கா போனை எடுத்துப் பெரியப்பாவை அழைத்தாள்.

"அண்ணை, கட்டாயம் வாங்கோ. முன் வரிசையில உங்களுக்குக் கதிரை போடுறன். பிள்ளையை நான் குடுக்கிறன்."